சாத்திரியாருக்கு இங்கிலிசிலே என்ன பேர்?

சாத்திரியார்,

இன்று காலை மார்க்கம் றோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப்பக்கக் கடையின் மேல்மாடி யன்னலில் ஒரு கை எரிந்துகொண்டிருந்தது. பயப்படாதேங்கோ, லைற்றால் செய்த கைதான். சிவப்பு நிறத்தில் ஐந்து விரலையும் விரித்தபடி, உள்ளங்கை நடுவில் நீலத்தில் ஒரு கண். கீழே 'ஸைக்கிக்' என்று எழுதியிருந்தது, இங்கத்தைய சாத்திரக் கடை. போன கிழமை வரைக்கும் அந்த யன்னலில் 'வாடகைக்கு' என்ற மட்டைதான் தொங்கியது. நான் என்னை அறியாமல் "மிற் ரீடர்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற மனிசி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்கள் போனபிறகு உங்களை நினைத்து நான் சிரித்தது இன்றைக்குத்தான். லோயர் வழக்கொன்றுக்குப் போயிருக்கிறார், ஒபிஸில் கேட்க ஆளில்லை. அதனால் வந்ததும் வராததுமாய் எழுதத் தொடங்கிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் எப்போதும் சுற்றிவளைத்துத்தான் வருவேன் என்று உங்களுக்குத் தெரியுந்தானே.

நீங்கள் முதன்முதல் இந்த ஒபிஸ் படியேறி வந்தது இருபது வருஷத்துக்கு முன்னம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு பனிக்காலம். அகதி வழக்குப் பார்க்கும் வெள்ளைக்கார லோயரிடம் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. தமிழ்ச் சனம் தங்கள் கதையைச் சொல்லும். நான் அதை இங்கிலிசில் ரைப் அடிக்க வேண்டும். தோள் இரண்டும் வழிகிற பெரிய கோட்டோடு வந்து கதிரை நுனியில் இருந்தீர்கள். நெற்றி நிறையத் திருநீறு.

"ஊரிலை என்ன தொழில் செய்தனீங்கள்?"

"தோட்டம்."

உங்கள் கையைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்த கை இல்லை. என் ஐயா தோட்டக்காரன், எனக்கு அந்தக் கை தெரியும்.

"என்ன தோட்டம்?"

"வெங்காயம்."

"எப்ப நடுறது?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்ல நாளாப் பாத்து நடவேணும் பிள்ளை" என்றீர்கள். கெட்டுது போ என்று நான் ரைப்ரைட்டரைத் தள்ளி வைத்தேன்.

உண்மையைக் கறக்க எனக்கு அன்று பின்னேரம் வரை சென்றது. ஊரில் நீங்கள் சாத்திரியார். சாதகம் கணிக்கிறது, பொருத்தம் பார்க்கிறது, காணாமல்போன மாட்டுக்கும் களவுபோன சங்கிலிக்கும் கேட்டு வந்த நேரத்துக்குக் கட்டம் போட்டுச் சொல்கிறது. இங்கே வோபர்னில் உங்களை வீட்டில் வைத்திருந்த சொந்தக்காரன் நீங்கள் விமானம் ஏற முன்னமே ரெலிபோனில் சொல்லிக் கொடுத்துவிட்டானாம்: "அண்ணை, சாத்திரி எண்டு வாய் திறக்காதேங்கோ. கனடாவிலை சாத்திரம் சொல்லுறது குற்றம், பிடிச்சு உள்ளுக்கை போடுவாங்கள். நான் தோட்டம் எண்டுதான் சொன்னனான், எனக்குக் கேஸ் கிடைச்சது." நீங்களும் எயார்போட்டில் தோட்டம் என்றே சொல்லிவிட்டீர்கள். அதை அவர்கள் எழுதியும் வைத்துவிட்டார்கள்.

அந்த நாளில் எங்கள் சனத்திடம் இந்த வருத்தம் இருந்தது. ஒருவனை அகதியென்று ஏற்றுக் கேஸ் கிடைத்துவிட்டால் அவன் சொன்ன கதையே எல்லோருக்கும் மருந்து. அவனுக்குக் காய்ச்சலா உனக்குக் கால் முறிவா என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உங்களுக்கு நடந்ததெல்லாம் நீங்கள் சாத்திரியெண்டதாலைதானே நடந்தது? அதை மறைச்சால் பிறகு என்னத்தைச் சொல்லிக் கேஸ் கேக்கிறது?" என்று கத்தினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்காக இல்லைப் பிள்ளை. மனிசியும் ரெண்டு பெட்டையளும் அங்கை நிக்குதுகள். இது பிழைச்சால் அதுகளைக் கூப்பிட ஏலாது" என்றீர்கள். நான் தள்ளி வைத்த ரைப்ரைட்டரைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

நடந்தது இதுதான். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒளித்திருந்த சிலர் பிடிபட்டுப் போனார்கள். யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று துவக்கோடு ஒரு கூட்டம் ஊருக்குள் வந்தது. எந்தப் பக்கத்துத் துவக்கு என்று நான் இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். நேரே உங்களிடம்தான் வந்தார்கள். "மாட்டைக் கண்டுபிடிக்கிறியாம், சங்கிலியைக் கண்டுபிடிக்கிறியாம். காட்டிக் குடுத்தவன் ஆர் எண்டு கட்டம் போட்டுச் சொல்லு." நீங்கள் தெரியாது என்றீர்கள். கொண்டுபோய் வைத்து அடித்தார்கள். இடது காது அதோடு கேட்காமல் போனது. நீங்கள் கடைசிவரை தெரியாது என்றே சொன்னீர்கள். ஒரு நாள் றோட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

லோயர் இதைக் கேட்டுவிட்டு நாடியைத் தடவினார். "அவர்கள் யாருடைய பேரையாவது எதிர்பார்த்தார்களா என்று கேள். ஒரு பேர் இருந்தால் கதைக்குப் பலம்" என்றார். நான் கேட்டேன். "தெரியாது பிள்ளை" என்றீர்கள். திருப்பித் திருப்பிக் கேட்டேன். அதே பதில். இந்த மனிசனுக்குக் கேஸ் வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு எரிச்சல்.

அடுத்த சிக்கல், உங்களை இங்கிலிசில் என்னவென்று எழுதுவது? நான் அஸ்ரோலொஜர் என்று அடித்தேன். லோயர் அதை வெட்டிவிட்டார். "இந்த நாட்டில் அஸ்ரோலொஜர் என்றால் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பக்கத்தில் எழுதுகிற ஆள். அவரைத் தேடித் துவக்கோடு யார் போவார்? போர்ச்சூன் ரெல்லர் என்றால் கூடாரம் போட்டு ஏமாற்றுகிற ஆள் என்று நினைப்பார்கள். வேறு சொல் தேடு" என்றார். ஏமாற்றிக் காசு வாங்கிச் சாத்திரம் சொன்னால் குற்றம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்மையாகவே இருப்பதையும், அது உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்க, 'குற்றம்' என்ற சொல் வரைக்கும்தான் நீங்கள் கேட்டீர்கள். முகம் வெளுத்துப் போனது.

அப்போதுதான் மார்கரெட் எங்கள் பேச்சுக்குள் வந்தாள். எங்கள் ஒபிஸின் கணக்குப் பிள்ளை, ஸ்கொட்லாந்தில் பிறந்தவள், இளமையில் கோடைக்காலக் களியாட்டக் கொட்டகையில் ரிக்கெற் விற்றவள். "என் அம்மா தேத்தண்ணிக் கோப்பையில் மிஞ்சும் சக்கையைப் பார்த்துச் சொல்லுவாள். எங்கள் ஊரில் அவளை ஸ்பேவைஃப் என்பார்கள். பொலிஸ்காரன் பெண்சாதியே வந்து கேட்பாள்" என்றாள். கொட்டகையில் கைரேகை பார்ப்பவனுக்கு மிற் ரீடர் என்று பேராம். மிற் என்றால் அவர்களுடைய கொச்சையில் கை. அதை நான் சொன்னதும் நீங்கள், "நான் கை பாக்கிறேல்லை எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ" என்று கோபித்துக்கொண்டீர்கள்.

அதோடு மார்கரெட்டுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நூலகத்துக்குப் போய்ப் பெரிய பெரிய அகராதியெல்லாம் புரட்டி மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்வாள். சாப்பிட்டபடி நாங்கள் மூன்று பேரும் நடத்திய அந்த ஆராய்ச்சியை நினைத்தால் இப்போதும் வயிறு நோகச் சிரிப்பு வருகிறது. சூத்சேயர் என்றால் பழைய இங்கிலிசில் உண்மை சொல்பவன். "உது நல்லாக் கிடக்கு" என்றீர்கள். லோயர், "நாடக மேடையில் தாடியோடு வருகிறவன் மாதிரி இருக்கிறது" என்று தள்ளிவிட்டார். கன்னிங் மான் என்று இன்னொன்று. முந்தின காலத்தில் அது விஷயம் தெரிந்தவன் என்ற அர்த்தம், இப்போது கேட்டால் கள்ளன் என்று நினைப்பார்கள். ஹறஸ்பெக்ஸ் என்று ஒரு ரோமாபுரிச் சொல். ஆட்டை வெட்டி ஈரலைப் பார்த்துச் சாத்திரம் சொல்பவனாம். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னம் நீங்கள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டீர்கள். "சிவ சிவா! பிள்ளை, நான் சுத்த சைவம் எண்டு முதல் அதை எழுதுங்கோ!"

பிளானெற் றூலர் என்று ஒன்று வந்தது, வீதி வீதியாய்ப் போய்ச் சாத்திரம் சொன்னவர்களுக்கு நாட்டுப்புறத்தில் வைத்த பேர். "கிரகங்களை ஆளுறவர்" என்று நான் விளக்கினேன். "நானோ? என்னை இந்தக் கோட்டே ஆளுது" என்று வழிந்துகொண்டிருந்த தோளைத் தூக்கிக் காட்டினீர்கள். மார்கரெட்டுக்கு நான் சொல்லாமலே விளங்கி, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிகர் காஸ்ரர் என்ற பழைய சொல்லைத்தான் நீங்கள் நல்லாய்ப் பிடித்துக்கொண்டீர்கள். நேரம் குறித்துக் கட்டம் போடுகிறவன். "அதுதான் நான், அதுதான் நான்" என்றீர்கள். ஆனால் அதையே நக்கலாய் பிகர் பிளிங்கர், கட்டத்தை எறிகிறவன், என்று மாற்றியும் வைத்திருக்கிறார்கள் வெள்ளைக்காரர். "எல்லா ஊரிலையும் எங்களுக்கு முன்னாலை கும்பிடும் பின்னாலை நக்கலுந்தான்" என்று ஒரு பெருமூச்சு விட்டீர்கள்.

அந்த நக்கலில் எனக்கும் பங்கு இருந்தது. எட்டில் செவ்வாய் என்று ஒரு சாத்திரி எழுதி வைத்ததால் எத்தனையோ சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போனது எனக்கு. சாத்திரிமார் என்றால் எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. ஒரு நாள் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். நீங்கள் பதறவில்லை. "செவ்வாய் அங்கை தன்ரை பாட்டிலை கிடக்குது பிள்ளை. பயந்து ஓடினது மாப்பிள்ளைமார். பயந்தவங்களைக் கட்டி என்ன செய்யப்போறீர்?" என்றீர்கள். ஒரு சாத்திரி இப்படிக் கதைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அன்றைக்குப் பிறகு உங்கள் மேல் எனக்கிருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கடைசியில் பேரை விட்டுவிட்டுச் செய்த வேலையை எழுதினோம். காணாமல்போனது எங்கே, செய்தவன் யார் என்று ஊர்ச்சனம் வந்து கேட்கும் ஆள், கேட்ட நேரத்தை வைத்துக் கணித்துச் சொல்பவர் என்று. எயார்போட்டில் தோட்டம் என்று சொன்னது பயத்தில் என்றும் எழுதினோம்.

விசாரணை நாள் வந்தது. அங்கே மொழிபெயர்ப்பது அகதி வழக்கை விசாரிக்கும் சபையின் ஆள். நான் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். விசாரித்தவர் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். உங்கள் தொழில் என்னவென்று கேட்டார். "சாத்திரி" என்றீர்கள். மொழிபெயர்த்தவர் ஒரு கணம் தடுமாறிவிட்டு, "போர்ச்சூன் ரெல்லர்" என்றார். எங்கள் ஆராய்ச்சியெல்லாம் ஒரே நொடியில் குப்பைக்குள் போனது. மார்கரெட் லீவு எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எயார்போட்டில் விவசாயி. இங்கே போர்ச்சூன் ரெல்லர். நான் எதை நம்புவது?" என்றார். நீங்கள் பயந்து சொன்னதை ஒத்துக்கொண்டீர்கள். அவருக்குத் திருப்தி இல்லை. கதிரையில் சாய்ந்துகொண்டு, "சரி, நீங்கள் உண்மையாகவே சாத்திரி என்றால், நான் இன்றைக்கு என்ன முடிவு எடுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். லோயர் எழும்பப் பார்த்தார். சொன்னால் ஏமாற்றுக்காரன், சொல்லாவிட்டால் பொய்க்காரன். இந்த மனிசன் வாயைத் திறந்து ஏதாவது உளறப்போகிறார், கடவுளே, வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

நீங்கள் கோட்டு நுனியை இழுத்துவிட்டு நிமிர்ந்து இருந்தீர்கள். இவ்வளவு நிமிர்ந்து நான் உங்களைக் கண்டதில்லை.

"எனக்குத் தெரியாது ஐயா. அங்கையும் துவக்கை வைச்சுக்கொண்டு, நீ சாத்திரியெண்டால் சொல்லு பாப்பம் எண்டுதான் கேட்டவங்கள். நான் ஒரு பேரைச் சொல்லியிருந்தால், சரியோ பிழையோ, விடியமுன்னம் அந்தப் பிள்ளையைச் சுட்டிருப்பாங்கள். அதாலை தெரியாது எண்டு சொன்னனான். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுறன்."

மொழிபெயர்த்தவர் இந்த முறை தடுமாறவில்லை. விசாரித்தவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். முகம் சிவந்திருந்தது. "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று மெல்லச் சொன்னார். பிறகு காதைப் பற்றி, டொக்டரின் கடிதத்தைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி. கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். திரும்பக் கூப்பிட்டு, உங்களை ஏற்றுக்கொள்வதாக அங்கேயே சொல்லிவிட்டார்.

நான் அழுதேன். ஒப்பாரி மாதிரி அழுதேன், வெட்கமில்லாமல். மார்கரெட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். நீங்கள்தான் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஏன் அழுறியள், கிடைச்சிட்டுதெல்லே?" என்று சமாதானப்படுத்தினீர்கள். பிறகு கீழே டோனற் கடையில் தேத்தண்ணி குடித்தோம். அப்போதுதான் மனம் ஆறிச் சிரித்தோம். "உண்மையைச் சொல்லுங்கோ, இண்டைக்கு உங்கடை சாதகத்தைப் பாத்துக்கொண்டுதானே வந்தனீங்கள்?" என்று சீண்டினேன்.

"ஓம், பாத்தனான்."

"என்ன கிடந்தது?"

"படு கூடாத நாள்."

"பிறகேன் வந்தனீங்கள்?"

"வராட்டில் நீர் பேசுவீர் எண்டு தெரியும். அதுக்குச் சாத்திரம் தேவையில்லை."

பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள், சாத்திரியார். மனிசியும் பெட்டைகளும் வந்து இறங்கிய அன்று எயார்போட்டில் நானும் நின்றேன். உங்கள் சின்னவள் உங்களை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நீங்கள் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தீர்கள். சனி ஞாயிறுகளில் பொருத்தம் பார்க்க வந்தவர்களுக்குப் பார்த்துச் சொன்னீர்கள், பயந்தவர்களைப் பயப்படுத்தாமல். ஒன்று மட்டும் கடைசிவரை செய்யவில்லை. ஊரில் காணாமல்போன பிள்ளைகளுக்காகத் தாய்மார் அழுதுகொண்டு வந்தால், கட்டம் போட மாட்டீர்கள். "தெரியாது அம்மா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எழும்பும் வரைக்கும் பக்கத்திலேயே இருப்பீர்கள்.

நித்திரையிலேயே போனீர்கள் என்று உங்கள் மூத்தவள் ரெலிபோனில் சொன்னபோது, நோகாமல் போனாரே என்றுதான் முதலில் தோன்றியது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். செத்தவீட்டில், உங்களைக் கிடத்தியிருந்த மண்டபத்தில், முன்பின் தெரியாத ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். முப்பத்தைந்து நாற்பது வயசிருக்கும். மடியில் ஒரு சின்னப் பெட்டை. எல்லோரும் போனபிறகும் எழும்பவில்லை. அவர் உங்களுக்கு என்ன முறை என்று போய்க் கேட்டேன்.

"ஒரு முறையும் இல்லையக்கா. ஒரே ஊர். பேப்பரிலை படத்தைக் கண்டிட்டு இஞ்சை மார்க்கம் பக்கத்திலையிருந்து வந்தனான். இவர் கனடாவிலை இருக்கிறார் எண்டே எனக்குத் தெரியாது."

பிறகு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அண்டைக்கு இவரைப் பிடிச்சு வைச்சிருந்த இடத்திலை காவலுக்கு நிண்ட பெடியன் ஒருத்தன் பிறகு எனக்குச் சொன்னவன். அவங்கள் இவரிட்டை ஆர் எண்டு கேக்கேல்லையாம். என்ரை பேரைச் சொல்லி, இவன்தானே, ஓம் எண்டு மட்டும் சொல்லு, விட்டுவிடுறம் எண்டு கேட்டவங்களாம். அடிக்கிற அடிக்கெல்லாம் தெரியாது, தெரியாது எண்டவராம். நான் காட்டிக் குடுக்கேல்லையக்கா. ஆனால் இவர் ஓம் எண்டிருந்தால், அதை ஆர் கேட்டிருப்பினம்?"

நான் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டேன். லோயர் கேட்டும், நான் திருப்பித் திருப்பிக் கேட்டும், ஒரு பேர் சொன்னால் கேஸுக்குப் பலம் என்று தெரிந்தும், எங்கள் கடுதாசியில் கூட அந்தப் பேரை நீங்கள் எழுத விடவில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒருவரிடமும் விசாரிக்கவும் இல்லை. விசாரிப்பதென்றால் பேரைச் சொல்ல வேண்டுமே. அந்த யோசனையோடுதான் இத்தனை வருஷமும் பெட்டி செய்தீர்களா? தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்தபோது அவனைத்தான் நினைத்தீர்களா? எனக்குத் தெரியாது. இதைத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு இப்போது வெட்கமில்லை. கேஸ் கிடைக்குமா என்று என் மேசைக்கு முன்னால் இருந்து அழுகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன், பிறகு அவர்களோடு கூட இருக்கிறேன்.

ஆனால் இந்த ஒன்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. கேளுங்கோ. அவன் இருக்கிறான், சாத்திரியார். மார்க்கத்தில் வீடு வாங்கியிருக்கிறான். காலையில் பெட்டையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறானாம். தலைமயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. வயிறு தள்ளிக் கொஞ்சம் வண்டியும் வைத்திருக்கிறது.